பாடாத குழாய்க்கு வாடகை

சாமி, ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லாமல் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தேன். அம்மா ஒத்துக்கொண்டாள் என்று நினைத்து நீயும் காரை எடுத்துக்கொண்டு நாமக்கல் போய்ச் சேர்ந்துவிட்டாய். நான் ஒத்துக்கொள்ளவில்லை. போனில் சொல்லலாம் என்றால் அங்கே நீ பேசுவாய், நான் ‘ம்’ கொட்டுவேன், நடுவில் உன் லாரி ஆபீசுக்கு ஒரு டிரைவர் வந்து நிற்பான், ‘அப்பறம் பேசறேன்மா’ என்று வைத்துவிடுவாய். எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது. அதற்காகத்தான் இத்தனை பக்கம். இதில் ஒரு நகல் மேட்டுத் தெரு சரசுவுக்கும் போகிறது. பாதிக் கடிதம் அவளிடம் நான் என்றைக்கோ சொல்லியிருக்க வேண்டியது. அதை அவள் யாரிடம் படித்துக் காட்டினாலும் எனக்குச் சம்மதம்தான்.

நீ சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார். நம் ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் தேர்தலுக்கு நிற்கப் போகிறாய். சந்தோஷம். ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்கிற எண்ணம் உனக்கு நிஜமாகவே இருக்கிறது, அதில் எனக்குத் துளிச் சந்தேகம் இல்லை. ஆனால் சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டே நீ போட்ட திட்டம் என்ன? நம் கடையில் இருக்கிற நாலு மைக்செட்டும் உனக்கு. புதுச்சத்திரத்திலும் சுற்று வட்டாரத்திலும் இருக்கிற மற்றவர்கள் செட்டையும் முன்பணம் கொடுத்துப் பிடித்துப் போட்டுவிடுவது. தேர்தல் அதிகாரிக்குக் கொடுக்கிற செலவுக் கணக்கில் மட்டும் ஒரே ஒரு செட்டு. அந்தப் பில்லில் கையெழுத்து நான். “செலவு வரம்புக்குள்ளார காட்டிப்போடலாம்மா, அல்லாரும் பண்றதுதான்” என்றாய். நான் முகத்தைச் சுளித்ததும் உனக்குக் கோபம் வந்துவிட்டது. “என்ற காசும்மா. நான் சம்பாரிச்சது. என்ற காசுல நான் எவ்வளவு பேசலாம்னு சர்க்காரு என்ன சொல்றது? பேச்சுரிமைன்னு சட்டத்துலயே இருக்குதல்லோ?” என்றாய். முப்பது வருடம் ஒலிபெருக்கிக் குழாய்களுக்குக் கீழே நின்று காது மந்தமாகிப் போன உங்கப்பா, “என்ன உரிமை?” என்று கத்தினார். “பேச்சு!” என்று நீ அவரைவிடப் பெரிதாகக் கத்தினாய். “பேசு, பேசு, ஆரு வேண்டாம்னா” என்று அவர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனாலும் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டேன். ஏனென்றால் நீ போட்ட திட்டம் புதிது இல்லை. அதை இந்த வீட்டிலேயே ஒரு தடவை செய்து முடித்தாகிவிட்டது, செய்தவள் நான்.

நீ அப்போது சேலத்தில் ஹாஸ்டலில் தங்கி டிப்ளமோ படித்துக்கொண்டிருந்தாய், அதனால் உனக்குத் தெரியாது. அந்தத் தேர்தலில் தலைவர் பதவி பெண்களுக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள். போர்வெல் ரிக் வண்டி வைத்திருந்த பெரிய கை ஒருவர் தன் வீட்டம்மாவை நிறுத்தினார். பாவம், அந்த அம்மா யாரிடமும் சத்தமாகப் பேசிக்கூட நான் பார்த்ததில்லை. எதிரே நின்றவள் சரசு. கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கும் வேலை. மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் வருவதே இல்லை, பஞ்சாயத்து மோட்டார் எப்போது கேட்டாலும் ரிப்பேர். ரிக் வண்டிக்காரருடைய சொந்தப் போர்வெல்லிலிருந்து டேங்கர் லாரியில் தண்ணீர் வரும், குடம் இவ்வளவு என்று காசு. அந்த மோட்டார் ஏன் ரிப்பேராகவே கிடக்கிறது, கிடந்தால் யாருக்கு லாபம் என்று ஊர் நடுவில் கேட்க வேண்டும், அதற்காகவே நின்றாள். ஒரு ஆட்டோவும் ஒரு மைக்செட்டும் இரண்டு நாளைக்கு வேண்டும் என்று நம் கடைக்கு வந்து முன்பணம் கொடுத்தாள்.

நான் சும்மா இருக்காமல், “எதுக்குச் சரசு இந்தச் செலவு? நம்ம ஊரு கைக்குள்ள அடங்கற ஊரு. ஊடு ஊடாப் போயிச் சொன்னாப் பத்தாதா?” என்று கேட்டேன். அவள் சொன்ன பதிலை நீ நிதானமாகப் படிக்க வேண்டும். “போனேனுங்கக்கா. ஆரு ஊட்டு வாசல்ல நான் எத்தன நேரம் நின்னேன்னு எண்றாங்க. சித்த எச்சா நின்னாப் போச்சு, மக்யா நாளு அந்த ஊட்டு முன்னால டேங்கரு நிக்காமப் போயிருது. மைக்குல பேசுனாக் கதவச் சாத்திக்கிட்டே கேக்கலாமல்லோ. ஆரு கேட்டாங்கன்னு ஆருக்குத் தெரியும்?” எத்தனையோ வருடமாக இந்தத் தொழிலில் இருந்த எனக்கு, மைக் என்றால் பேசுகிறவருக்கு என்றுதான் அதுவரை நினைப்பு. கேட்கிறவர்கள் பயமில்லாமல் கேட்கவும் அது தேவைப்படுகிறது என்று அந்த முட்டை பொறுக்குகிறவள்தான் எனக்குச் சொன்னாள். சொன்னது மண்டையில் ஏறியது. மனதில் ஏறவில்லை, அதுதான் என் கெட்ட நேரம்.

இரண்டு நாள் கழித்து ரிக்காரருடைய மேனேஜர் பைக்கில் வந்தான். “அக்கா, ஓட்டு முடியற வரைக்கும் உங்க அல்லாச் செட்டும் நம்முளுக்குத்தான். கட்டி வெச்சுருங்க” என்று சொல்லி நோட்டுக் கட்டை மேசையில் வைத்தான். அப்போது நம்மிடம் இருந்த ஆறு செட்டுக்கும் முழு வாடகை. நம் தொழிலில் ‘கட்டுவது’ என்றால் என்ன? குழாயை மரத்திலும் கம்பத்திலும் ஏற்றிக் கட்டுவது. நான் உடனே உங்கப்பாவையும் இரண்டு ஆளையும் ஏணியோடு அனுப்பினேன். கோயில் வேம்பு, பஸ் ஸ்டாப், பள்ளிக்கூடத்து முக்கு என்று ஆறு இடத்திலும் ஒயர் இழுத்துக் கட்டி முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. உங்கப்பா வியர்க்க விறுவிறுக்கக் கடைசி ஏணியிலிருந்து இறங்கும்போது மேனேஜர் வந்தான், அண்ணாந்து பார்த்தான், தலையில் அடித்துக்கொண்டான். “அட கெரகமே! ஏனுங்கக்கா, ஆரு மேல ஏத்தச் சொன்னது? கட்டி வைங்கன்னாக் கட்டி வைங்க, சாக்குப் போட்டு, உங்க ஊட்டுலயே!” எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. “பாட வேண்டாமுங்களா?” என்றேன். “ஒண்ணு பாடுனாப் போதும். மிச்சம் அஞ்சும் வாயத் தொறக்கப்படாது. அதுக்குத்தான் வாடகையே. வேற ஆருக்காச்சும் சொல்லியிருந்தீங்கன்னாத் திருப்பிக் குடுத்துருங்க” என்றான்.

உங்கப்பா திட்டிக்கொண்டே மறுபடி ஏணி ஏறினார். நான் என்ன செய்தேன் என்கிறாயா? சிரித்தேன். ஒயர் தேயாமல், குழாய் நசுங்காமல், ஆள் கூலி இல்லாமல் வாடகை வருகிறதே, இப்படி ஒரு பிழைப்பு தினமும் கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று உன் சித்தியிடம் போனில் சொல்லிச் சிரித்தேன். உன் அந்த வருடக் கட்டணம் அந்தப் பணத்தில்தான் போயிற்று. அதனால் உன்னை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்கிற யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்று எனக்கே தெரியவில்லை. இருந்தாலும் கேட்கிறேன், பெற்றவள் என்கிற ஒரே தைரியத்தில்.

மறுநாள் சரசு ஆட்டோவோடு வந்து நின்றாள். முன்பணத்தை எடுத்து நீட்டி, ஆம்ப்ளிபயர் ரிப்பேர் என்றேன். வாயிலிருந்து அந்த வார்த்தை விழவும், உள் அறையில் உங்கப்பா பாடப் போகிற அந்த ஒரு செட்டைச் சோதித்துப் பார்க்கவும் சரியாக இருந்தது. “பூ... பூ... ஹலோ... ஹலோ... மைக் டெஸ்ட்டிங்...” வீடே அதிர்ந்தது. சரசு என்னைப் பார்த்தாள். “நல்லாத்தானுங்கக்கா கேக்குது” என்றாள். மனிதப் பிறவிக்குப் பொய் சொல்லும்போது எங்கிருந்துதான் புத்தி வருமோ, “கேக்கும் சரசு. தூரமாப் போகாது” என்றேன். உள்ளே உங்கப்பா இன்னொரு தடவை ‘ஹலோ’ என்றார். அவள் பணத்தை வாங்கி எண்ணாமல் முந்தானையில் முடிந்துகொண்டாள். “உங்ககிட்ட வரதுக்கு முன்னால போன ரெண்டு கடையிலயும் ரிப்பேருன்னுதானுங்க சொன்னாங்க. மோட்டாரும் ரிப்பேரு, மைக்கும் ரிப்பேரு” என்று சொல்லிவிட்டு ஆட்டோக்காரனை அனுப்பிவிட்டு நடந்தே போனாள்.

அதன் பிறகு அவள் வெறும் தொண்டையில் பேசினாள். பஸ் ஸ்டாப்பில் நின்று பேசுவாள், ஹைவேயில் ஒரு லாரி போகும், பேச்சு அதோடு போய்விடும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள். கேட்க யாரும் பக்கத்தில் வந்து நிற்கவில்லை, நிற்க முடியாது என்றுதான் அவள் முதலிலேயே என்னிடம் சொல்லியிருந்தாளே. மூன்றாம் நாள் குரல் முழுக்கக் கட்டிக்கொண்டது, கையைக் கையை ஆட்டினாள், அவ்வளவுதான். எதிர்ப்பக்கத்து ஒரே குழாய் ‘தாய்மார்களே, பெரியோர்களே, மறவாதீர் பூட்டு சாவி’ என்று நாள் முழுக்கப் பாடியது. நான் கடையில் சாக்கு போர்த்திய ஐந்து குழாய்களுக்கு முன்னால் உட்கார்ந்து வாடகை சம்பாதித்துக்கொண்டிருந்தேன். சரசு தோற்றாள். மைக் இருந்திருந்தால் ஜெயித்திருப்பாளா? தெரியாது. ஆனால் ஊர் அவளைக் கேட்டுவிட்டு வேண்டாம் என்று சொல்லவில்லை. கேட்கவே இல்லை. அந்த வித்தியாசத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

தேர்தல் முடிந்து கணக்குக் கொடுக்கும்போது மேனேஜர் ஒரு பில் கேட்டான். ஒரு செட்டு, இத்தனை நாள், இவ்வளவு ரூபாய். கையெழுத்துப் போட்டேன். ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி வந்து, “ஒரு செட்டுதானா அம்மா?” என்று கேட்டார். “ஆமாங்க, ஒண்ணுதான் பாடுச்சு” என்றேன். பொய் இல்லை பார். அவருக்கும் வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை. சத்தம் போட்டதைத்தான் அவர் எழுதிக்கொள்ள முடியும். வாயை மூடிக்கொண்டு கிடந்த ஐந்தை எந்தப் பத்தியில் எழுதுவார்? டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்.

இதை மட்டும் சொன்னால் சட்டத்தின் பக்கம் நின்று உன்னை அடிக்கிற மாதிரி ஆகிவிடும். உன் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். பஸ் ஸ்டாப்பில் தையல் கடை வைத்திருந்தாரே ஆரோக்கியம் அண்ணன், அவர் சரசுவின் தொண்டை கட்டியதைப் பார்த்து மனம் கேட்காமல் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு அச்சகத்தில் நூறு நோட்டீஸ் அடித்துக்கொண்டு வந்தார். ‘மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் ஏன் வரவில்லை? சரசுவுக்கு ஓட்டுப் போடுங்கள்’, அவ்வளவுதான் விஷயம். யாரோ புகார் கொடுத்தார்கள். யார் என்று நீயே யூகித்துக்கொள். அதிகாரிகள் வந்து, வேட்பாளர் எழுதிக் கொடுத்த அனுமதி எங்கே, அச்சகத்தின் பெயர் எங்கே என்று கேட்டார்கள். அவர் கையில் அளவு டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். “என் காசு சார், என் நோட்டீஸ். அந்தப் பிள்ளைக்குத் தெரியவே தெரியாது” என்றார். நோட்டீசை அள்ளிக்கொண்டு போனார்கள், அந்தச் செலவும் சரசு கணக்கில்தான் ஏறும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நீ ஞாயிற்றுக்கிழமை ‘என்ற காசு’ என்று சொன்னதும் எனக்கு அவர்தான் ஞாபகத்துக்கு வந்தார். அன்றைக்கு நான் கடை வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நூறு நோட்டீஸ்காரர் மாட்டிக்கொண்டார், சாக்கு மூட்டைக்காரி தப்பித்துக்கொண்டாள். வரம்பு என்று ஒன்று போட்டால் இப்படியும் ஆகும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், மறைக்க மாட்டேன்.

ஆனால் சாமி, அவர் சொன்ன ‘என் காசு’ வேறு, நீ சொல்கிற ‘என் காசு’ வேறு. அவர் வாயைத் திறக்கக் காசு கொடுத்தார். நீ மற்றவர்கள் வாயைக் கட்டக் காசு கொடுக்கப் பார்க்கிறாய். பேச்சுக்குச் செலவு உண்டு, எனக்குத் தெரியாதா? பெட்ரோல் வேண்டும், பேட்டரி வேண்டும், குழாய் வேண்டும், அதை வைத்துத்தான் உன்னை வளர்த்தேன். நீ தாராளமாகச் செலவு செய்து பேசு. வரம்பு தேவைக்குக் குறைவாக இருக்கிறது என்றால் அதையும் மைக்கிலேயே சொல், ஊர் கேட்கட்டும். ஆனால் ஒரு ஊரில் இருக்கிற குழாயெல்லாம் ஒரே வீட்டுக்குப் போய்விட்டால் பிறகு அங்கே நடப்பதற்குப் பேச்சு என்று பெயர் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்து கேட்கிறவளுக்கு இரண்டு குரல் கேட்க வேண்டும். பேச்சுரிமை என்று சட்டத்தில் எழுதியவர்கள் அவளையும் நினைத்துத்தான் எழுதியிருப்பார்கள் என்று நான் நம்புகிறேன். படித்தவன் நீ, இல்லையென்றால் சொல்.

சரசுவிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க ஒரு சந்தர்ப்பம் வந்தது. மகள் பெரியவளான சீருக்கு மைக்செட் வேண்டும் என்று அடுத்த வருடம் நம் கடைக்கே வந்தாள். எங்கே என்ன நேரம் என்றெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல், “இப்பத் தூரமாப் போகுங்களாக்கா?” என்று கேட்டாள். வாடகை வேண்டாம் சரசு, சும்மா எடுத்துக்கொண்டு போ என்றேன். “வேல செய்யறதுக்குத்தானுங்க குடுக்கறேன், புடிங்க” என்று முழுசாகக் கொடுத்துவிட்டுப் போனாள். அன்றைக்காவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இப்போது இந்தக் கடிதத்தில் சொல்கிறேன். சரசு, எதுவும் ரிப்பேராகவில்லை. உன் வாயைக் கட்டுவதற்கு நான் காசு வாங்கினேன். தப்புத்தான்.

இனி நீ கேட்டதற்குப் பதில். செவ்வாய்க்கிழமை காலையில் பால் வண்டி ஓட்டுகிற குமரேசன் கடைக்கு வந்தான். உனக்கு எதிராக அவன்தான் நிற்கப் போகிறான் என்பது உனக்குத் தெரியும். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வராமல் வாசலிலேயே நின்றான். “ஏனுங்கம்மா, அண்ணன் நிக்கறாருன்னு தெரியும். அதனால இல்லீன்னு சொன்னாலும் நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டனுங்க” என்றான். மைக் தர மாட்டேன் என்று நான் சொல்வதற்கு முன்பே அவன் அதை மன்னிக்கத் தயாராக வந்திருந்தான். அதைப் பார்த்ததும் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது. தேர்தல் தேதி வந்ததும் பிரச்சாரத்தின் முதல் இரண்டு நாளும் கடைசி இரண்டு நாளும் ஒரு செட்டு அவனுக்கு என்று ரசீது எழுதிக் கையில் கொடுத்தேன். ஊருக்கு என்ன வாடகையோ அதே வாடகை. நல்ல செட்டாகப் பார்த்து, அவன் முன்னாலேயே போட்டுக் காட்டித்தான் அவனை அனுப்பினேன். உங்கப்பாவுக்குக்கூடக் கேட்டது.

உனக்கும் ஒரு செட்டு உண்டு, அதே வாடகைக்கு. மிச்சம் இரண்டும் கல்யாணம் காதுகுத்துக்குப் போகும், ஊரில் வேறு யார் நின்றாலும் அவர்களுக்கும் போகும். மற்ற கடைகளில் நீ பிடித்துப் போட்டால் என்னால் தடுக்க முடியாது. ஆனால் அதிகாரி வந்து கேட்டால், இந்தத் தடவை எத்தனை பாடியது என்று மட்டும் சொல்ல மாட்டேன், எத்தனை கட்டிக் கிடக்கிறது என்றும் சேர்த்துச் சொல்வேன். பொய்ப் பில் இந்த வீட்டிலிருந்து வராது. பெற்ற மகனுக்கு எதிராக மைக் கொடுத்தவள் என்று ஊர் பேசும். உன் மாமனார் வீட்டில் பேசுவார்கள். நீயே கொஞ்ச நாள் பேசாமல் இருப்பாய், அதுதான் எனக்குக் கஷ்டம்.

நல்லவன் நீ. குமரேசனைவிட நன்றாகவும் பேசுவாய், ஊருக்கு என்ன வேண்டும் என்று உனக்குத் தெரியும். நீ ஜெயித்தால் வெடி வாங்கி வைப்பதும் மஞ்சள் நீர் கரைத்து நிற்பதும் நான்தான். ஆனால் என் ஓட்டு உனக்குத்தான் என்று இப்போதே வாக்குக் கொடுக்க மாட்டேன், கோபித்துக்கொள்ளாதே. குமரேசன் என்ன சொல்லப் போகிறான் என்று நான் இன்னும் கேட்கவில்லை.